உண்ணி தேடப் போன டாக்டரம்மா

மாட்டுக் காதுல உண்ணி பிடுங்கியிருக்கீங்களா? கிராமத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காதை மெல்ல மடிச்சுப் பார்த்தா உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும், ரத்தம் குடிச்சு ஆமணக்கு முத்து மாதிரி உப்பிப்போய். (ஆமணக்குக்குத் தாவரவியல் பெயர் ரிசினஸ். லத்தீனில் அதற்கு உண்ணி என்றுதான் அர்த்தம். வெள்ளைக்காரனுக்கும் அதேதான் தோணியிருக்கு பாருங்க.) மாடு வலியில தலையை உதறும், நாம விடாம பிடுங்கிப் போடுவோம். அதோட வேலை முடிஞ்சுது.

இதே வேலையை 1970களில் கென்யாவில், நைரோபி நகரத்துக்கு வெளியே இருந்த மேய்ச்சல் நிலங்களில், டாக்டர் பட்டம் வாங்கின ஒரு பெண்மணி செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. மாட்டு மேல பாசத்துல இல்லை, ஆராய்ச்சிக்காக. பெயர் வங்காரி மாத்தாய். 2004ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர், ஆப்பிரிக்காவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். "மரம் நட்ட அம்மா"ன்னு எல்லாரும் எழுதியாச்சு. அந்த உண்ணிகளைப் பத்தி மட்டும் யாரும் அதிகமா பேசறதில்லை. எனக்கு என்னமோ இந்தக் கதையே அந்த உண்ணியிலதான் இருக்குன்னு தோணுது.

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வரலாம்.

1940 ஏப்ரல் 1ஆம் தேதி, கென்யாவின் மத்திய மலைப்பகுதியில் நியேரி பக்கம் இஹிதே என்ற கிராமத்தில் பிறந்தார். கிக்குயு இனம், விவசாயக் குடும்பம். பொம்பளைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பறது அவ்வளவு வழக்கமில்லாத காலம். அண்ணன் ஒருநாள் அம்மாகிட்ட, "வங்காரி மட்டும் ஏன் பள்ளிக்கூடம் வரலை?"ன்னு கேட்டிருக்கார். அம்மா யோசிச்சுட்டு, சரி போகட்டும்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி இல்லைன்னா இந்தப் பதிவே இல்லை.

1960ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போறார். கென்யா இன்னும் பிரிட்டிஷ்காரன் கையில இருந்த சமயம். சுதந்திரம் வரப்போகுது, படிச்ச ஆட்கள் வேணும்னு நூத்துக்கணக்கான மாணவர்களை விமானத்தில் ஏத்தி அனுப்பினாங்க. கென்னடி குடும்பத்து அறக்கட்டளையும் பணம் கொடுத்ததால அதுக்குக் கென்னடி ஏர்லிஃப்ட்னே பெயர். வங்காரி போய்ச் சேர்ந்தது கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கன்னியாஸ்திரீகள் கல்லூரி. 1964ல் உயிரியல் பட்டம். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை, காடைப் பறவையின் பினியல் சுரப்பி பற்றிய ஆராய்ச்சி. திசுவைப் பதப்படுத்தறது, மெலிசா சீவறது, சாயம் ஏத்தறது, நுண்ணோக்கியில பார்க்கறது, இதெல்லாம் கைக்குப் பழகினது அங்கேதான்.

1966 ஜனவரியில் ஊர் திரும்பறார். நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில விலங்கியல் பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சி உதவியாளர் வேலை, நியமனக் கடிதம் கையிலேயே இருக்கு. போய் நின்னா, அந்த வேலை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சுன்னுட்டாங்க. கொடுத்தது பேராசிரியரோட சொந்த இனத்து ஆளுக்கு. நம்மாட்களுக்கு இது ஒண்ணும் புதுசில்லை, விளக்கவும் வேண்டாம்.

காப்பாத்தினது அந்த நுண்ணோக்கி வேலைதான். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து ரெய்ன்ஹோல்ட் ஹாஃப்மன் என்ற பேராசிரியர் வந்து, கால்நடை மருத்துவத்தில் உடற்கூறியல் துறையை ஆரம்பிச்சுக்கிட்டு இருந்தார். திசு பதப்படுத்தத் தெரிஞ்ச ஆள் வேணும். வங்காரிக்குத் தெரியும். வேலை கிடைச்சுது. நடுவுல கீசன், மியூனிக்னு ஜெர்மனியிலும் போய்ப் படிச்சார். 1971ல் டாக்டர் பட்டம், மாட்டினத்தில் இனப்பெருக்கச் சுரப்பிகள் எப்படி உருவாகி வளருதுங்கிறது ஆராய்ச்சித் தலைப்பு. கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே டாக்டர் பட்டம் வாங்கின முதல் பெண். 1976ல் துறைத்தலைவர், 1977ல் இணைப் பேராசிரியர். ரெண்டுமே அங்க ஒரு பெண்ணுக்கு முதல் தடவை.

இதெல்லாம் இருந்தும், கல்யாணமான பெண் ஆசிரியைன்னா வீட்டு வசதி மாதிரியான சலுகைகள் ஆண்களுக்குச் சமமா கிடையாது. அதான் புருஷன் பார்த்துப்பாரே! இவரும் சக ஆசிரியையான வெர்டிஸ்டின் ம்பாயாவும் விடாம சண்டை போட்டாங்க. கடைசியில நிர்வாகம் அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் கொடுத்து வாயை அடைச்சுது. கௌரவ ஆண்கள் ஆக்கிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க :-)

இப்ப உண்ணிக்கு வருவோம்.

கென்யாவில் மாடு வளர்க்கறவங்களைக் கதிகலங்க வைக்கும் நோய் ஒண்ணு, கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல். (நம்ம ஈ.சி.ஆர். இல்லீங்க, ஆப்பிரிக்காவோட கிழக்குக் கடற்கரை.) தைலேரியா பர்வா என்கிற ஒட்டுண்ணிக் கிருமியால வருது. அதைச் சுமந்துக்கிட்டு வர்றது பழுப்புக் காது உண்ணி, பெயருக்கேத்த மாதிரி காதில்தான் அதிகம் ஒட்டும். கிருமி மாட்டோட வெள்ளை அணுக்குள்ள புகுந்து பெருகும், நிணநீர்க் கட்டிகள் வீங்கும், காய்ச்சல் ஏறும், நுரையீரல்ல நீர் கோத்து மூணு நாலு வாரத்துல மாடு போயிடும். அந்த மண்ணுல பிறந்த நாட்டு மாடு ஓரளவு தாங்கும். அதிகப் பாலுக்காக வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த மாடும் அதோட கலப்பினமும்தான் சாயும். நம்ம ஊர் ஜெர்சி கலப்பினப் பசுக்களுக்கு வர்ற தைலேரியா நோய் இதோட பங்காளிதான், கிருமி இனம் மட்டும் வேற.

சுதந்திரம் வாங்கின புதுசு, பால் பண்ணை பெருகணும், அதுக்கு இந்த நோய் ஒழியணும். வங்காரி இறங்கினது அந்தக் கிருமியோட வாழ்க்கைச் சுழற்சியைப் பத்தின ஆராய்ச்சி. நைரோபிக்கு வெளியே போய் மாட்டுக் காதுல இருந்து நூத்துக்கணக்கா உண்ணி சேகரிச்சு வந்து, ஆய்வகத்துல வெச்சு அறுத்துப் பார்க்கணும். அங்கே காத்திருக்கும்போதுதான் காதைத் தவிர மத்ததெல்லாம் கண்ணில் படுது. மாட்டுக்கு விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கு. மேய நிலத்துல புல்லே இல்லை. மழை பெஞ்சா மலைச்சரிவுல இருந்து ஓடிவர்ற தண்ணி செக்கச் செவேல்னு மண்ணைக் கரைச்சுக்கிட்டு வருது. மாட்டுக்காரங்களும் மாடு மாதிரியே வத்திப்போய் இருக்காங்க.

அவருடைய தன்வரலாறு 2006ல் வந்தது. அதுல இந்த இடத்துல அவர் சொல்ற விஷயம்தான் என்னை இந்தப் பதிவு எழுத வெச்சது. மாட்டுக்குப் பெரிய ஆபத்து உண்ணியா, இல்லை இந்த நிலமா? உண்ணியை முழுசா ஒழிச்சுட்டோம்னே வெச்சுக்குவோம். புல்லும் தண்ணியும் இல்லாத நிலத்துல அந்த மாடு எதைத் தின்னும்? மாட்டைக் காப்பாத்தற ஆராய்ச்சின்னு ஆரம்பிச்ச கேள்வி, நிலத்தைக் காப்பாத்தறதுல வந்து நிக்குது.

சொந்த ஊர் போனா அங்கேயும் அதே கதை. சின்ன வயசுல அவங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரிய அத்தி மரம் உண்டு. கிக்குயு மொழியில் முகுமோ. விறகு பொறுக்கப் போகும்போது அம்மா எச்சரிப்பாங்களாம், அந்த மரத்துல ஒரு சுள்ளிகூட எடுக்காதே, அது சாமி மரம். நம்ம ஊர்ல ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் இருக்கிற மரியாதைதான். அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஊற்று, சின்ன ஓடை. தவளை முட்டை சரம் சரமா மிதக்கும், பாசிமணின்னு நினைச்சு எடுத்துக் கழுத்துல போட்டுக்கப் பார்ப்பார் குட்டி வங்காரி, ஒவ்வொரு தடவையும் கையில உடைஞ்சு போயிடும். படிச்சு முடிச்சு வந்து பார்த்தா மரமும் இல்லை, ஓடையும் இல்லை. நிலம் கை மாறினதும், தேயிலைக்கு இடைஞ்சலா இருக்குன்னு மரத்தை வெட்டிட்டாங்க. அத்தி வேர் பாறையைத் துளைச்சு ஆழமாப் போய் மண்ணையும் பிடிச்சுக்கும், நிலத்தடி நீருக்கு மேல வர வழியும் விடும். சாமி மரம்னு பாட்டிமார் சொன்னதுக்குள்ள ஒரு நீரியல் பாடம் இருந்திருக்கு. பழசெல்லாம் அறிவியல்தான்னு கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை, ஆனா இந்த விஷயத்துல பாட்டிமார் சொன்னது சரி.

இது ஒரு மரத்தோட கதை இல்லை. பிரிட்டிஷ்காரன் இயற்கைக் காட்டை அழிச்சு பைன், தைலமரம், வாட்டில்னு நட்டான். சுதந்திரத்துக்கப்புறம் நம்மாளுங்க மாதிரியே அவங்களும் அதை நிறுத்தலை. சின்ன விவசாயியும் காசு வருதேன்னு காபி, தேயிலைக்குப் போனான். தேசிய மகளிர் கவுன்சில் கூட்டங்கள்ல கிராமத்துப் பெண்கள் சொன்னது என்ன தெரியுமா? விறகு இல்லை, தண்ணி இல்லை, பிள்ளைங்களுக்குச் சத்தான சாப்பாடு இல்லை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கு. பயறும் கிழங்கும் வேக ரொம்ப நேரம் ஆகும், விறகு வேணும். விறகு இல்லாததால சீக்கிரம் ஆகிற சாப்பாடு, ரொட்டியும் டீயும். மலைமேல மரம் போனது பிள்ளையோட வயித்துல வந்து தெரியுது. உண்ணியை விட்டு நிலத்தைப் பார்த்த ஆளுக்கு இந்தச் சங்கிலி புரிய நேரம் ஆகலை. அப்போ மரம் நடுவோமேன்னு சொன்னார்.

உடனே நடந்துடலை. 1974ல் கணவர் முவாங்கி மதாய் தேர்தலில் நின்னு, வேலை வாங்கித் தர்றேன்னு வாக்குறுதி கொடுத்து ஜெயிச்சார். அந்த ஏழை ஜனங்களுக்கு வேலை கொடுக்க வங்காரி ஒரு கம்பெனி ஆரம்பிச்சார், மரக்கன்று வளர்க்கவும் நடவும். அது ஊத்திக்கிச்சு. பிறகுதான் மகளிர் கவுன்சில் மூலமா, 1977 ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில், நைரோபி காமுகுஞ்சி பூங்காவுல ஏழு மரம் நட்டு ஆரம்பிச்சாங்க. கிரீன் பெல்ட், பசுமை வளைய இயக்கம்.

வனத்துறைகிட்ட போய், நாட்டு ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி ஒன்றரைக் கோடி கன்று வேணும்னு கேட்டாங்க. அதிகாரி சிரிச்சுட்டு, எவ்வளவு வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கோங்கன்னார். ஒரு வருஷம் ஆகலை, ஐயய்யோ இலவசம் கட்டுப்படியாகாதுன்னு பின்வாங்கினார். சொல்லிக்கொடுக்க வந்த வன அதிகாரிங்க சரிவுக் கோணம், பாத்தி ஆழம், வெயில் விழற திசைன்னு வகுப்பெடுக்க, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் முழிச்சாங்க. கம்பும் சோளமும் விதைச்சவங்களுக்கு மரம் விதைக்கத் தெரியாதான்னு வங்காரி அந்த வகுப்பையே ஓரங்கட்டிட்டார். உடைஞ்ச பானையிலும் தகரத்துலயும் விதை போட்டு முளைக்க வெச்சாங்க. டிப்ளமோ இல்லாத வன அதிகாரிகள்னு அவங்களுக்குச் செல்லப்பெயர்.

ஆய்வகப் புத்தி அவரை விட்டுப் போகலைங்கிறதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். பெண்களுக்குக் கன்றுக்கு 4 அமெரிக்க சென்ட் கொடுத்தாங்க. நட்ட கன்றுக்கு இல்லை, நட்டு உயிரோட நிலைச்ச கன்றுக்கு. யாராவது போய் எண்ணிப் பார்த்தாகணும். வருஷா வருஷம் அதே குழியில மந்திரியை வெச்சு நட்டு போட்டோ எடுக்கற ஊர்க்காரனுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே உறைக்கும்.

"பேராசிரியர் வேலையை உதறிவிட்டு மரம் நடக் கிளம்பினார்"னு பல இடத்துல எழுதியிருக்காங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடந்தது அப்படியில்லை. 1977ல் இயக்கம் தொடங்கி அஞ்சு வருஷம் அவர் பல்கலைக்கழகத்துலதான் இருந்தார். பாடம் எடுத்தார், துறையை நடத்தினார், மிச்ச நேரத்துல மரம். உதறினது அவர் இல்லை.

நடுவுல குடும்பம் உடைஞ்சுது. 1979ல் விவாகரத்து வழக்கு, பத்திரிகையில நாறடிச்சாங்க. தீர்ப்பு பாதகமா வந்ததும் ஒரு பேட்டியில நீதிபதியைக் கடுமையாச் சொல்லிட்டார். நீதிமன்ற அவமதிப்பு, ஆறு மாசம் ஜெயில், மூணு நாள்ல வெளியே வந்தார். என் பெயரைப் போட்டுக்காதேன்னு முன்னாள் கணவர் வற்புறுத்த, இந்தம்மா மதாய்ங்கிற பெயர்ல ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்து மாத்தாய் ஆக்கிக்கிட்டாங்க. ரொம்ப நாளா இது வெறும் உச்சரிப்பு வித்தியாசம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

1982ல் நியேரி பக்கம் நாடாளுமன்றத் தொகுதி ஒண்ணு காலியாச்சு. நிக்கணும்னா பல்கலைக்கழக வேலையை ராஜினாமா பண்ணணும், அதான் சட்டம். பண்ணினார். வாக்காளர் பதிவுல குறைன்னு ஒரு காரணம் காட்டி வேட்புமனுவை நிராகரிச்சாங்க. கோர்ட்டுக்குப் போனார், அங்கேயும் தோல்வி. சரி, வேலைக்கே திரும்பிடலாம்னு போனா, ராஜினாமா கொடுத்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கு, இடம் நிரப்பியாச்சுன்னுட்டாங்க. குடியிருந்த பல்கலைக்கழக வீட்டையும் காலி பண்ணச் சொன்னாங்க. 16 வருஷ வேலை. வயசு 41. மூணு பிள்ளைங்க. கையில காசில்லை.

இதைத்தான் "ஆய்வகத்திலிருந்து களத்துக்கு"ன்னு அழகா எழுதறோம். அவர் ஒரு கதவைத் திறந்து வெச்சுட்டுத்தான் மறு கதவுல கால் வெச்சார், பின்னாடி இருந்தவங்க அதைச் சாத்திட்டாங்க. அந்தச் சமயத்துல நார்வே வனச் சங்கத்திலிருந்து ஒருத்தர் வந்து, இயக்கத்தை நடத்த ஆள் தேடறோம், நீங்களே நடத்தறீங்களான்னு கேட்டார். ஐ.நா.வோட பெண்கள் நிதியில இருந்தும் 122,700 டாலர் வந்துச்சு. முழுநேர மரக்காரம்மா ஆனது அப்போதான். அந்தக் கோர்ட் வேற மாதிரி தீர்ப்பு சொல்லியிருந்தா? வரலாற்றுல "இருந்தா" போடக்கூடாதும்பாங்க, போட்டுப் பார்க்கத் தோணுது.

அப்புறம் நடந்ததெல்லாம் நிறையப் பேர் எழுதினதுதான், வேகமா சொல்லிடறேன். 1989ல் நைரோபியின் உஹுரு பூங்காவுல அரசாங்கம் 60 மாடிக் கட்டிடம் கட்டக் கிளம்பிச்சு, பக்கத்துல அதிபர் மோய்க்கு நாலு மாடி உயரச் சிலை. இங்கிலாந்துப் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கூட்டாளி. உங்க ஹைட் பார்க்ல இப்படிக் கட்ட விடுவீங்களான்னு இவர் பிரிட்டிஷ் தூதருக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்துல விவாகரத்து ஆனவங்க கும்பல்னு ஏசினாங்க. மோய், அந்தம்மா தலைக்குள்ள பூச்சி இருக்குன்னார். பாதி வாழ்க்கையை உண்ணியோட கழிச்சவரைப் பார்த்து! இயக்கத்தோட அலுவலகத்தை அரசுக் கட்டிடத்துல இருந்து துரத்தினாங்க, எல்லாத்தையும் தன் சின்ன வீட்டுக்குள்ள கொண்டு வந்தார். கடைசியில முதலீட்டாளர்கள் ஓடிட்டாங்க, 1992ல் வேலியைப் பிரிச்சாச்சு. அதே வருஷம் அதே பூங்காவுல அரசியல் கைதிகளின் தாய்மார்களோட உண்ணாவிரதம் இருந்தப்போ போலீஸ் அடிச்சதுல மயங்கி விழுந்தார். 1999 ஜனவரியில் கருரா காட்டைக் கட்டிட வியாபாரிகளுக்குக் கொடுத்ததை எதிர்த்து மரம் நடப் போனப்போ அடியாட்கள் தலையை உடைச்சாங்க. போலீஸ் புகார்ல அந்த ரத்தத்தாலயே கையெழுத்துப் போட்டார். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல இருக்கிற அந்தக் காடு தப்பிச்சுது, நைரோபிக்காரங்க இன்னிக்கும் அங்க நடைப்பயிற்சி போறாங்க.

2002 தேர்தல்ல 98 சதவீத ஓட்டு. இந்த முறை யாரும் மனுவை நிராகரிக்கலை.

குறை சொல்லாம விட்டா அது பதிவு இல்லை, பாராட்டு மடல். 2004 ஆகஸ்ட்ல எய்ட்ஸ் கிருமியை விஞ்ஞானிகள்தான் உருவாக்கினாங்கன்னு அவர் பேசினதா ஒரு கென்யப் பத்திரிகை எழுதிச்சு. நோபல் அறிவிப்பு வந்ததும் அது பெரிசாக் கிளம்பிச்சு. நான் அப்படிச் சொல்லவும் இல்லை, நம்பவும் இல்லைன்னு டிசம்பர்ல எழுத்துல மறுத்தார். மறுத்ததை ஏத்துக்கறேன். ஆனா நாலு மாசம் அந்தச் சந்தேகத்தை நிக்க விட்டது, நுண்ணோக்கி பிடிச்ச கைக்கு அழகில்லைன்னுதான் இன்னமும் நினைக்கிறேன்.

நோபல் சேதி வந்த அன்னிக்கு நியேரியில் ஒரு ஹோட்டல் தோட்டத்துல கென்யா மலையைப் பார்த்தபடி மண்டி போட்டு, கையால குழி தோண்டி ஒரு மரக்கன்று நட்டார். அதுக்குள்ள பசுமை வளையப் பெண்கள் நட்டது மூணு கோடி மரம். இப்போது கணக்கு அஞ்சு கோடியைத் தாண்டிடுச்சு.

2011 செப்டம்பர் 25 அன்னிக்குச் சினைப்பைப் புற்றுநோயில் காலமானார். மரப்பெட்டியில வைக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாராம். அதனால மூங்கில் சட்டம் கட்டி, அதுல பாப்பிரஸ் கோரையும் ஆகாயத்தாமரையும் பின்னி ஒரு பெட்டி செஞ்சாங்க. விக்டோரியா ஏரியை மூச்சுத் திணற வைக்கிற அதே ஆகாயத்தாமரை. தகனம் முடிஞ்சு அஸ்தியை அடக்கம் பண்ணினது அவர் பெயர்ல இருக்கிற அமைதி, சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்துல. அந்த நிறுவனத்தை நடத்தறது நைரோபி பல்கலைக்கழகம், 1982ல் இடம் நிரப்பியாச்சுன்னு சொன்னாங்களே, அதேதான்.